பிந்து, ஸ்டாஃப் நர்ஸ், அன்னூர்

பிந்து டியூட்டி நேரத்தில் கணவனுக்குப் போன் செய்கிறவள் அல்ல. அதனால் அன்று முற்பகலில் அவள் பெயர் திரையில் வந்ததும், பள்ளிக்கூடத்தில் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, கிருபாசங்கர் சரவணம்பட்டி ஆபீசின் மாடிப்படிக்கு ஓடிவந்து எடுத்தான்.

“ஏனுங்க, சித்த ஆஸ்பத்திரிக்கு வர முடியுமுங்களா?” என்றாள். குரலை அடக்கிப் பேசினாள். “மூணு பேரு வந்து எம்பட போட்டோவக் காட்டி, நான் ஏமாத்திப்போட்டேன்னு சொல்றாங்க. ஏதோ நர்சுங்கள வெளிநாட்டுக்கு அனுப்பற கன்சல்டன்சியாமா. எனக்கு ஒண்ணும் புரியலீங்க.”

கிருபாசங்கருக்குப் புரிந்தது. இதோ கிளம்பிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். படி இறங்கிப் பைக்கை எடுத்தான்.

சத்தி ரோட்டில் குரும்பபாளையம் தாண்டும்வரை அவனுக்கு ஒரே நினைப்புதான். அவளிடம் அவர்கள் எதைக் காட்டியிருப்பார்கள்? போட்டோவை மட்டுமா, எழுதியதையும் சேர்த்தா?

அவன் வேலை இதுதான். ஒரு கம்பெனியின் வெப்சைட் கூகுளில் மேலே வர வேண்டுமானால் வெவ்வேறு இடங்களிலிருந்து அதற்கு லிங்க் இருக்க வேண்டும். காசு கொடுத்து லிங்க் வாங்குகிறவர்கள் உண்டு. அவன் முதலாளி மோகன்குமாரின் ஆபீசைப் போன்ற சின்ன ஆபீசுகள் ஊரில் யார் யாரோ எழுதுகிற பிளாகுகளைத் தேடிப்போய், அடியில் கமெண்ட் போட்டு, அதில் லிங்கைச் செருகிவிடும். வெட் கிரைண்டருக்கு, பம்ப் செட்டுக்கு, கல்யாண மண்டபத்துக்கு என்று கிருபாசங்கர் போட்ட கமெண்டுகள் இன்றைக்கும் எங்கெங்கோ கிடக்கின்றன. ‘அருமையான பதிவு, மிகவும் பயனுள்ள தகவல்’ என்று எழுதினால் பிளாக் வைத்திருப்பவர் உடனே தூக்கிவிடுவார் என்பதால், படித்தவர் எழுதுவதுபோல் எழுதப் பழகிக்கொண்டான். ஒரு சமயம் விவசாயி, ஒரு சமயம் ரிட்டயர்டு வாத்தியார், ஒரு சமயம் இரண்டு பிள்ளைகளின் தாய். அதில் அவனுக்கு ஒரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. ஆபீசில் அவனை மிஞ்ச ஆளில்லை.

போன வருஷம் வரதராஜுலு என்பவர் வந்தார். நர்சுகளை வளைகுடாவுக்கும் அயர்லாந்துக்கும் அனுப்புகிற கன்சல்டன்சி. வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. தன் வெப்சைட் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்றார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் தமிழில் எழுதும் பிளாக் ஒன்று இருந்தது. நர்சிங் படித்த பெண்கள் அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள். அங்கே லிங்க் கிடைத்தால் பெரிய விஷயம். ஆனால் அந்தம்மா ஒவ்வொரு கமெண்டையும் படித்துப் பார்த்துத்தான் விடுவார். முகமில்லாத, ஊரில்லாத பெயர்களை அவர் சேர்ப்பதில்லை. கிருபாசங்கரின் இரண்டு கமெண்டுகளை அப்படியே தள்ளிவிட்டார்.

மூன்றாவதாக அவன் தன் மனைவியின் போட்டோவை எடுத்துப் போட்டான். யூனிஃபார்மில் சிரித்துக்கொண்டிருக்கும் படம். பெயர்: பிந்து, ஸ்டாஃப் நர்ஸ், அன்னூர். இந்தக் கன்சல்டன்சியில் பதிந்தேன், நல்லபடியாகச் செய்துகொடுத்தார்கள் என்று எழுதி லிங்கைச் செருகினான்; அந்தக் கமெண்ட் தள்ளப்படாமல் நின்றுவிட்டது. அடுத்தடுத்து இன்னும் பல நர்சிங் பிளாகுகளில் பிந்து கமெண்ட் போட்டாள். பிந்துவுக்கு மட்டும் அது தெரியாது. ஒரு சின்னப் படம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் அவன் அப்போது நினைத்தான்.

ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் சாந்தாமணியின் அறைக்குப் போகச் சொன்னார்கள்.

உள்ளே பிந்து சுவரோரம் நின்றிருந்தாள். தன் ஆஸ்பத்திரியில், தன் யூனிஃபார்மில், வேண்டாத ஆளைப்போல் நின்றிருந்தாள். எதிரே பர்தா அணிந்த ஒரு பெண். பெயர் மெஹராஜ், கரும்புக்கடை என்கிற பகுதியைச் சேர்ந்தவள், நர்சிங் முடித்து மூன்று வருஷம் ஆகிறது என்று சாந்தாமணி சொன்னாள். பக்கத்தில் அவள் அண்ணன் ஷாநவாஸ், உக்கடத்தில் மரக்கடை வைத்திருப்பவன், உட்கார மறுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாற்காலியில் இருந்தவர் சேவூர் விவசாயி அப்புசாமி. அவர் மகள் கீதாவும் நர்ஸ்தான்.

நடந்ததைச் சாந்தாமணியே சொன்னாள். இரண்டு பெண்களும் வரதராஜுலுவின் கன்சல்டன்சியில் பதிந்திருக்கிறார்கள். தூதரகத்தில் முத்திரை வாங்க வேண்டும் என்று சொல்லி அவர் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். இப்போது காந்திபுரம் ஆபீசில் பூட்டுத் தொங்குகிறது. போனும் போகவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால்தான் இந்த இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. இரண்டு பெண்களும் அந்தக் கன்சல்டன்சியை நம்பியது ஒரே கமெண்டைப் படித்து. படத்தைக் காட்டி அன்னூரில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்து இங்கே வந்திருக்கிறார்கள்.

“எனக்கு கவர்மெண்ட் வேலைக்கு லிஸ்ட்ல பேர் வந்துருச்சுங்க,” என்றாள் மெஹராஜ். அவள் பிந்துவைத்தான் பார்த்துப் பேசினாள். “நாளன்னைக்குச் சென்னையில சர்டிஃபிகேட் வெரிஃபிகேசன். ஒரிஜினல் இல்லாம போனா உள்ளயே விடமாட்டாங்க. அடுத்த லிஸ்ட் எப்ப வரும்னு தெரியாதுக்கா.”

எல்லோரும் கிருபாசங்கரைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் கணவன் வந்தால் விளங்கும் என்று பிந்து அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

பொய் அவன் வாய்க்குச் சுலபமாக வந்தது. இந்தக் காலத்தில் ஃபேஸ்புக்கிலிருந்து யார் படத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம், இது வழக்கமாக நடக்கிற மோசடி, பிந்துவும் இதில் பாதிக்கப்பட்டவள்தான், உடனே சைபர் கிரைமில் புகார் கொடுக்க வேண்டும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னான். தன் குரல் அவ்வளவு சீராக வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. சாந்தாமணி பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள். பிந்துவின் தோள்கள் தளர்ந்தன. ஷாநவாஸ் மட்டும் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்புசாமி எழுந்து பிந்துவின் முன்னால் கை கூப்பினார். “வந்ததும் வராததுமா சத்தம் போட்டுப்போட்டேன் அம்மணி. மனசுல வெச்சுக்காத கண்ணு. என்ற புள்ள ஊட்டை உட்டு வெளிய வர்றதில்ல. அந்தக் கோவம்.”

பிந்து அவர் கையைப் பிடித்து இறக்கினாள். பரவாயில்லைங்க, போச்சாது என்றாள். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்போல் இருந்தது. கிருபாசங்கர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான்.

மெஹராஜ் நகரவில்லை. “அப்பறம் எப்படிக்கா பதில் போட்டீங்க?” என்றாள். “அதாவது, உங்க பேர்ல இருக்கறவங்க. நான் பயந்துட்டு, ஒரிஜினல் குடுக்கலாமாங்கன்னு கேட்டிருந்தேன். அந்தப் பதிலப் படிச்சுப்போட்டுத்தான் குடுத்தேன்.”

அவள் போனைப் பிந்துவிடம் நீட்டினாள்.

அந்தப் பதிலைக் கிருபாசங்கர் மறக்கவில்லை. கேள்வி வந்ததும் அன்றைக்கே எழுதினான். கமெண்டுக்குக் கீழே உரையாடல் நடந்தால் பிளாக்காரருக்கு நம்பிக்கை கூடும், லிங்க் நிற்கும். அவன் எழுதியது இது:

‘நானும் உன்னை மாதிரித்தான் பயந்தேன் தங்கச்சி. எங்கள் ஓலை வீடு பற்றி எரிந்தபோது அம்மா நகையை எடுக்கவில்லை, அண்டா குண்டாவை எடுக்கவில்லை. என் சர்டிஃபிகேட்டைத் தைத்து வைத்திருந்த தலையணை உறையை மட்டும் நெஞ்சில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அப்படிக் காப்பாற்றியதை அந்நியரிடம் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. கொடுத்தேன். ஒரு மடிப்புக்கூட விழாமல் திரும்பி வந்தது.’

பிந்து படித்தாள். படித்து முடித்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை அணைந்தது. போனை மெஹராஜிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரோடு ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்று சாந்தாமணியிடம் கேட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆக்சிஜன் சிலிண்டர்கள் நிறுத்தியிருந்த நடைபாதைக் கோடியில்தான் நின்றாள்.

“தலகாணி ஒறையப் பத்தி நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க,” என்றாள். “எங்கூட வேலை பாக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. கல்யாணமான புதுசுல உங்ககிட்டச் சொன்னேன். அழுதுட்டே சொன்னேன்.”

அவன் வாயைத் திறந்தான். வேலை என்றான். எல்லா ஆபீசிலும் இப்படித்தான் என்றான். வரதராஜுலு இப்படிப்பட்ட ஆள் என்று தெரியாது, நிஜமாகவே தெரியாது என்றான். அது உண்மைதான். ஆனால் அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

“அந்தாளு எங்க இருப்பான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவன் தயங்கினான். தெரியும். காந்திபுரம் ஆபீசைத் தவிர அவிநாசியில் இன்னொரு இடம் இருந்தது. கிளை திறக்கப் போவதாகச் சொல்லி, கூகுள் மேப்பில் சேர்க்கச் சொன்னார் வரதராஜுலு. அப்படிச் சேர்க்க வேண்டுமானால் வாசலில் தொடங்கி உள்ளே இருப்பது வரை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். கிருபாசங்கர்தான் போய் எடுத்தான். மங்கலம் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு நூல் குடோனின் மேல்மாடி. பிறகு கிளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடம் வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

அவன் அதைச் சொன்னான். சொல்லிவிட்டு, இதை உள்ளே போய்ச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், தன்னையும் கூட்டாளி என்று பிடித்துப் போடுவார்கள், மகள் இருக்கிறாள், யோசித்துச் செய்யலாம் என்றான்.

“நான் போய்ச் சொல்லட்டுமா? நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டாள் பிந்து.

அவன்தான் சொன்னான். சாந்தாமணியின் மேஜைக்கு எதிரே நின்று, கமெண்ட் போட்டதும் பதில் எழுதியதும் நான்தான், பிந்துவுக்குத் தெரியாது என்றான். சொல்லி முடிக்கும் முன்பே ஷாநவாஸ் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் சாத்தியிருந்தான். மூச்சு முட்டியது. அவன் கையைத் தட்டிவிடக் கிருபாசங்கருக்குத் தோன்றவில்லை. அப்புசாமிதான் நடுவில் புகுந்தார்.

“அடிக்கறது அப்பறம் அடிச்சுக்கலாம் தம்பி. மொதல்ல காயிதத்தப் பாக்கோணும். உடுங்க.”

கிளம்பும்போது பிந்துவும் வந்தாள். டியூட்டியில் இருக்கிறவள் எப்படிப் போவாய் என்று சாந்தாமணி கேட்டதற்கு, “எம்மூஞ்சியப் பாத்துத்தானுங்க அந்தப் புள்ள குடுத்துச்சு. நானும் போறேன்,” என்று மட்டும் சொன்னாள். கிருபாசங்கர் பைக்கைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தான். அவள் அதைத் தாண்டிப் போய் ஷாநவாஸின் காரில் மெஹராஜின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பைக்கின் பின்னால் அப்புசாமி உட்கார்ந்தார். இவன் எங்கேயும் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் ஏறினார் என்று அவனுக்குத் தெரிந்தது.

கருவலூர் தாண்டும்போது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ஓரம் கட்டி எடுத்தான். மோகன்குமாருக்கு எப்படியோ சேதி போயிருந்தது. எந்தக் காரணம் கொண்டும் ஆபீஸ் பெயரைச் சொல்லக் கூடாது, உன் மெயிலில் இருக்கிறதையெல்லாம் அழித்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கிருபாசங்கர் பதில் சொல்லாமல் வைத்தான். அப்புசாமி யாரென்று கேட்கவில்லை. “வண்டிய எடுங்க தம்பி,” என்றார்.

நூல் குடோனின் வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி பின்பக்கம் திறந்து நின்றது. அதில் மேஜையும் நாற்காலிகளும் ஏறியிருந்தன. ஓரத்தில் வாய் கட்டிய நான்கைந்து சாக்குகள். வரதராஜுலு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி படியிறங்கி வந்தார். முதலில் கிருபாசங்கரைத்தான் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“வாங்க தம்பி. நம்ம ஆளு நீங்க, சொல்லாமலே வந்துட்டீங்களாட்டம் இருக்குது.”

காரிலிருந்து இறங்கிய எல்லோருடைய காதிலும் அது விழுந்தது. பிந்து அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் பார்த்தாள்.

மெஹராஜைக் கண்டதும் வரதராஜுலுவின் குரல் மாறிவிட்டது. சான்றிதழ்கள் எல்லாம் டெல்லியில் தூதரகத்தில் இருக்கின்றன, அடுத்த வாரம் கூரியரில் வரும், இங்கே ஒன்றும் இல்லை, இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான் என்றார். வண்டி டிரைவரிடம் எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இன்ஜின் உறுமியது. ஷாநவாஸ் தன் காரை வண்டிக்குக் குறுக்கே நகர்த்திவிட்டு, போலீசுக்குப் போன் செய்யத் தொடங்கினான்.

சாக்கில் என்ன என்று அப்புசாமி கேட்டார். பழைய பேப்பர், எடைக்குப் போடுவதற்கு என்றார் வரதராஜுலு.

கிருபாசங்கர் தன் போனை எடுத்து கூகுள் மேப்புக்காக அன்று எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். உள்ளறை பீரோ திறந்திருந்தது. ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் ஃபைல்கள் அடுக்கடுக்காக இருந்தன. “இது டெல்லிக்குப் போகலீங்க,” என்றான். “பீரோ காலியா இருந்தா எல்லாம் இந்தச் சாக்குலதான் இருக்கும்.”

வரதராஜுலு அவன் கையிலிருந்த போனைத் தட்டிவிட்டார். போன் தரையில் விழுந்து சில்லு தெறித்தது. அவன் குனியவில்லை. வண்டியில் ஏறி முதல் சாக்கின் கட்டைப் பல்லால் கடித்து இழுத்தான். ஃபைல்கள்தான். நீலம், பச்சை, ரோஜா நிறம். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் ஒரு பெண்ணின் பெயர்.

அதற்குப் பிறகு யாரும் வரதராஜுலுவைக் கவனிக்கவில்லை. அவர் குடோனின் பின்பக்கமாகப் போனதைக்கூட அப்புறம்தான் உணர்ந்தார்கள். ஐந்து பேரும் வண்டிக்குள் மண்டியிட்டுப் பெயர்களைப் படித்தார்கள். இரண்டாவது சாக்கின் அடியில் மெஹராஜின் ஃபைல் கிடைத்தது. அவள் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலிருந்து நர்சிங் கவுன்சில் பதிவு வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசிக் காகிதத்தை இரண்டு முறை தவறவிட்டாள்.

“எண்ணிட்டு நிக்காத கண்ணு,” என்றாள் பிந்து. “கெளம்பு. போலீஸ் வந்தா அத்தனையும் கேஸ் சொத்தாயிரும். கோர்ட்டுல இருந்து வாங்க மாசக்கணக்காகும். ஆஸ்பத்திரிக்கு வர்ற போலீஸ் கேசுல நான் பாத்திருக்கேன். அண்ணனக் கூட்டிட்டு இப்பவே போ.”

மெஹராஜ் அப்புசாமியைப் பார்த்தாள். அவருடைய மகளின் ஃபைல் இன்னும் வரவில்லை. காரை எடுத்தால் வண்டிக்கு வழி விட்ட மாதிரி ஆகிவிடுமே என்றாள். “நீ போ சாமி,” என்றார் அவர், தலையைத் தூக்காமலே. “சாவியப் புடுங்கி வெச்சிருக்கறேன். வண்டி எங்கியும் போகாது. என்ற புள்ளையது நான் பாத்துக்கறேன்.”

ஷாநவாஸ் காரை எடுத்தான். அது மங்கலம் ரோட்டில் திரும்பி மறைந்து கொஞ்ச நேரத்திலேயே ஜீப் வந்துவிட்டது. அப்போது மூன்றாவது சாக்கில் பாதிதான் பார்த்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார். எதையும் தொடக் கூடாது என்றார். இன்னும் ரெண்டே சாக்குதானுங்க, பேரை மட்டும் பாத்துக்கறனுங்க என்று அப்புசாமி கெஞ்சினார். நடக்கவில்லை. கண்ணெதிரில் சாக்குகளை மறுபடி கட்டி, அரக்கு வைத்து, ஜீப்பில் ஏற்றினார்கள். அப்புசாமி குடோன் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கிருபாசங்கர் வெயிலில் நின்றான். அந்தப் படியில் தனக்கு இடமில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

வரதராஜுலு மறுவாரம் ஓசூரில் பிடிபட்டார். கிருபாசங்கரை ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்தார்கள். கடைசியில் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள், ஆபீஸ் பெயரையும் அவன் மறைக்கவில்லை. மோகன்குமார் அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

பிந்துவின் பெயரில் போட்ட கமெண்டுகளை அழிக்க உட்கார்ந்தபோதுதான், அது தன் கையில் இல்லை என்று தெரிந்தது. அந்த பிளாகுகளில் பாதி கைவிடப்பட்டவை. எழுதியவர்கள் வருஷக்கணக்காக அந்தப் பக்கம் வரவில்லை. மெயில் போட்டால் திரும்பி வந்தது. வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றிலும் தன் சொந்தப் பெயரில், ‘மேலே உள்ளது பொய், எழுதியது நான், இந்தக் கன்சல்டன்சியை நம்ப வேண்டாம்’ என்று எழுதினான். ஒரே வாசகத்தைப் பல இடத்தில் போட்டதால் நிறைய பிளாகுகள் அதை ஸ்பாம் என்று விழுங்கிவிட்டன. மஸ்கட் நர்சின் பிளாகும் விழுங்கியது. அவன் அவருக்குத் தனியாக நீண்ட மெயில் எழுதினான். பல நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது: ‘எடுத்துவிட்டேன். அந்தப் பெண் நிஜமானவள் என்று நம்பித்தான் விட்டேன்.’

மெஹராஜ் சென்னை போய்ச் சேர்ந்து, சரிபார்ப்பு முடிந்து, ஊட்டிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். பிந்துவோடு அடிக்கடி பேசுவாள். கீதாவின் ஃபைல் அரக்கு வைத்த சாக்கில் இருக்கிறதா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை. மனுப் போட்டிருக்கிறார்கள். வாய்தாவுக்கு வாய்தா அப்புசாமியை அவிநாசி கோர்ட்டுக்குக் கூட்டிப்போவது கிருபாசங்கர்தான். அவர் வா என்றும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருப்பார், வண்டி வந்ததும் ஏறிக்கொள்வார்.

வீட்டில் பிந்து சமைக்கிறாள், மகளின் பாடத்தைக் கவனிக்கிறாள், அவன் புதிதாகத் தேடிக்கொண்ட கணக்கு வேலையைப் பற்றிக் கேட்கிறாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. முன்பெல்லாம் டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிடும்போது வார்டு கதை சொல்வாள். எந்தக் கட்டிலில் யார், யார் அழுதார்கள், டாக்டர் என்ன சொல்லித் திட்டினார் என்று. இப்போது சொல்வதில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, “இன்னைக்கு ஒரு கெழவன் வந்தானுங்க, பொண்டாட்டி பேரக் கேட்டா...” என்று சிரிப்போடு ஆரம்பித்தாள்.

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, கதை கேட்க நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டு ரசச் சட்டியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.